மைனர் தப்பித்தார், குடும்பன் மாட்டினான்

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் எங்களுக்குச் சிற்றிலக்கியம் என்று ஒரு தாள். உலா, கோவை, தூது, பரணி என்று வரிசையாகப் போய்க் கடைசியில் பள்ளு. மற்ற நாட்களில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கிற வகுப்பு, பள்ளு நடக்கிற வாரம் மட்டும் நிரம்பிவிடும். அது ஜாலியான பாடம் என்று முந்தின வருசத்துக்காரர்கள் சொல்லி வைத்திருப்பார்கள். முக்கூடற்பள்ளைக் கையில் எடுத்த பேராசிரியர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது. "நீ எந்திரிச்சுப் படிப்பா. பள்ளன் பேச்சு உன் வாயில வந்தாத்தான் பொருத்தமா இருக்கும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பெண் போட்டவர், ஒருமுறை விடுதிக் கட்டணத்துக்குக் கடன்கூடக் கொடுத்தவர். படித்தேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து படிப்பு முடிகிறவரை விடுதியில் என் பெயர் அழகக் குடும்பன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற சீவலப்பேரிப் பக்கம்தான் இந்த முக்கூடல். (பீடிக்குப் பேர்போன முக்கூடல் வேறு, போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்கே அழகருக்கு ஆட்பட்டுப் பண்ணையில் உழைக்கிறவன் அழகக் குடும்பன். அவனுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் முக்கூடற்பள்ளி, பெருமாளைக் கும்பிடுகிறவள். இளையவள் மருதூர்ப்பள்ளி, சிவனைக் கும்பிடுகிறவள். குடும்பன் இளையவள் வீடே கதி என்று கிடக்கிறான். பண்ணைக்காரன் வந்ததும் மூத்தவள் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் குடும்பனைப் பிடித்துத் தொழுமரத்தில் மாட்டுகிறான். பிறகு மூத்தவளே மனம் பொறுக்காமல் வந்து மன்றாடி மீட்கிறாள். அப்புறம் உழவு, மாடு முட்டிக் குடும்பன் மயங்கி விழுவது, விதைப்பு, நடவு, அறுப்பு, நெல்லளப்பு. கடைசியில் சக்களத்திகள் இருவரும் ஒருத்தி சாமியை இன்னொருத்தி இழுத்து வைத்து ஏசிக்கொண்டு, பின் சமாதானமாகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டிருக்கலாம் என்பார்கள். எழுதியவர் பெயர் இல்லை.

இந்த நூலுக்கு இன்றைக்கு இரண்டு விதமான வாசிப்பு நடக்கிறது. ஒன்று பல்கலைக்கழக வாசிப்பு: நகைச்சுவை, நாட்டுப்புற மணம், ஆற்று வெள்ளம் ஐந்திணையைக் கடந்து வருகிற அழகு, சைவ வைணவ ஒற்றுமை. தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினா. இன்னொன்று எங்கள் தெரு இளைஞர்கள் செய்கிற வாசிப்பு. சித்திரக்காலி, மணல்வாரி, புனுகுச்சம்பா என்று நெல் வகைகளை அடுக்குகிறானே, மாட்டு வகை, ஏர் வகை சொல்கிறானே, வெள்ளாண்மையின் மூல ஆட்கள் நாங்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது. குடும்பன் என்பதே ஊர்க் குளத்து மடையைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்பானவனின் பட்டப்பெயர் என்பதும் உண்மைதான். 2021இல் ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயரில் சட்டம் கொண்டுவந்த நாளில் எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு தம்பி மைக்கைப் பிடித்துப் பள்ளிலிருந்து நெல் பெயர்களை ஒப்பித்தான். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு வாசிப்பும் ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகிறது. அந்த இடம் தொழுமரம். முதல் கூட்டத்துக்கு அது வேடிக்கை, எங்கள் கூட்டத்துக்கு அவமானம். அதைப் பார்க்க வைத்தவர் பேராசிரியரும் இல்லை, விமர்சகரும் இல்லை. என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவில் நெல் வெளைகிற பூமியில் நடவும் களையெடுப்பும் கதிரறுப்புமாகக் கிடந்து, பிறகு சிவகாசிப் பக்கம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போய், இப்போது இடுப்பு முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மழை நாளில் சும்மா இருக்க மாட்டாமல் பள்ளைப் படித்துக் காட்டினேன். சக்களத்திகள் ஏசல் வந்தபோது அதற்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எய்யா, இதெல்லாம் நம்ம குழாயடில கேட்டதுதான" என்றது. தொழுமரம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"ரெண்டு பொண்டாட்டி வச்சிருந்ததுக்கா தொழுவுல போட்டாக?"

"ஆமா பெரியம்மா."

"அப்படிப் பாத்தா நம்மூரு மொதலாளி வீட்டு ஆம்பளகளுக்கு எத்தன தொழு அடிச்சிருக்கணும்? மரம் பத்துமா?"

எம்.ஏ.வில் இரண்டு வருசம் கிடைக்காத கேள்வி இது. திரும்பவும் நூலை எடுத்துப் பார்த்தேன். குடும்பன் தொழுவில் மாட்டப்படுவது ரெண்டு பெண்டாட்டி வைத்ததற்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூத்தவள் அழுகை பண்ணைக்காரன் காதில் ஏறுகிற இடம் எது என்று பாருங்கள். தன் வயிறு காய்வதை அவள் சொல்லலாம், தன்னைத் தள்ளி வைத்ததைச் சொல்லலாம். பண்ணை வேலை கெடுகிறது என்று சொல்லும்போதுதான் மரத்துக்கு வேலை வருகிறது. களத்தில் ஒரு வாரி காணாமல் போனால் சொந்தக்காரன் தேட மாட்டானா, அந்த மாதிரித்தான் பண்ணைக்காரன் குடும்பனைத் தேடுகிறான். வாரி இளையவள் வீட்டில் கிடக்கிறது. இழுத்து வா. அவ்வளவுதான் அந்த நியாயம்.

வாரி என்றால் என்னவென்று இப்போதைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, அறுப்பு மிசின் வந்தபின் களமே இல்லாமல் போய்விட்டதால். நீளக் காம்பு, அதன் முனையில் குறுக்காக ஒரு கட்டை, கட்டையில் பல்லுப் பல்லாக முளை. கதிரடித்து மாடு மிதித்த பின் வைக்கோலைக் கிளறி இழுக்கவும், சண்டு சருகை ஒதுக்கவும் அது வேண்டும். நெல்லை மட்டும் குவிக்கப் பல்லில்லாத பலகை. காற்று பார்த்துச் சொளகால் தூற்றுவார்கள். குவிகிற நெல்லுக்குப் பொலி என்று பெயர். மானாவாரிக் கரிசலில் இதற்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு, மாடு இழுக்கிற பல்லுப் பலகை. அது புதிதும் இல்லை. புறநானூற்றில் கபிலர் பாரியின் பறம்பைப் பாடிய 120ஆம் பாட்டிலேயே வரகுப் புனத்தில் 'பல்லி' ஓட்டுவது வருகிறது. ஈராயிரம் வருசத்துக் கருவி. பிடித்த கை யாருடையது என்பதும் ஈராயிரம் வருசமாக மாறவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாரிக்கு 'ரேக்' என்று பெயர், பொம்பளைப் பொறுக்கியாகத் திரிகிற பணக்கார வாலிபனுக்கும் 'ரேக்' என்றே பெயர். 1735இல் ஹோகார்த் என்ற ஓவியர் அப்படி ஒருவனின் கதையை எட்டுப் படங்களாக அச்சிட்டு விற்றார். அப்பன் சொத்து கைக்கு வந்ததும் ஆடுகிறான், குடிக்கிறான், சூதாடுகிறான், கடனுக்குச் சிறை போகிறான், கடைசிப் படத்தில் லண்டன் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நமக்கும் இந்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது. களத்தில் குவிகிற நெல் பொலி. ஊர் மாடுகளுக்கெல்லாம் விடப்படுகிற விதைக்காளை பொலிகாளை. கண்ட வீட்டு வாசலில் நிற்கிற ஆம்பிளையையும் பொலிகாளை என்றுதான் எங்கள் பெண்கள் சொல்வார்கள். ஆனால் முகத்துக்கு நேராக அந்தச் சொல் எங்கள் தெரு ஆம்பிளைக்கு மட்டும்தான் கிடைக்கும். நிலம் வைத்திருக்கிறவனுக்கு நேரில் வேறு பெயர்: மைனர்.

இந்த மைனர் என்ற சொல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஜமீன்தார் செத்து வாரிசு சிறுவனாக இருந்தால் வெள்ளைக்காரன் சர்க்காரின் கோர்ட் ஆப் வார்ட்ஸ் சொத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். பையன் மைனர். வேலை கிடையாது, கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, செலவுக்கு மட்டும் பணம் வரும். அந்த வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்பதற்கு நம் சனங்கள் அந்தச் சட்டச் சொல்லுக்குக் கொடுத்த அர்த்தமே சாட்சி. ஜமீன் ஒழிந்தும் சொல் ஒழியவில்லை. கழுத்தில் தொங்குகிற நீளச் சங்கிலிக்கு மைனர் செயின் என்று பெயர் வைத்து நகைக்கடையில் இன்றைக்கும் விற்கிறார்கள். வயது வராதவன் என்று சட்டம் சொன்னதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வயது வராதவன் எதற்கும் பொறுப்பில்லை அல்லவா? மைனர் வந்தார், மைனர் போனார், மைனர் அந்த வீட்டுக்குப் போய் வருகிறார். வினைமுற்றைக் கவனியுங்கள். குடும்பன் போனான், கிடந்தான், மாட்டினான். இலக்கணத்தில் மரியாதைப் பன்மை என்று படித்தோமே, அது யாருக்கு விகுதி, யாருக்கு விலங்கு என்று எந்த நன்னூல் உரையும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இந்தப் பாகுபாடு பள்ளு காலத்தில் தொடங்கியதும் அல்ல. மருதத் திணையை எடுத்துக்கொள்ளுங்கள். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம், அதன் உரிப்பொருள் ஊடல். ஏன் ஊடல்? ஊரன், மகிழ்நன் என்று பேர்பெற்ற தலைவன் பரத்தையர் சேரிக்குப் போய்வருகிறான். மாலை வாடி, சந்தனம் கலைந்து வருகிறவனைத் தலைவி வாசலில் மறிக்கிறாள். பாணன் தூது வருகிறான், தோழி இடையில் பேசுகிறாள், கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கிறது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் நூறு பாட்டு இதற்கென்றே பாடியிருக்கிறார். அருமையான கவிதைகள், எனக்கும் பிடித்தவைதான். ஆனால் அந்த வயலில் நெல் அறுக்கிற உழவரும் களை பறிக்கிற கடைசியரும் பாட்டின் ஓரத்தில் நண்டோடும் ஆம்பலோடும் சேர்ந்து பின்னணியாக நிற்கிறார்கள். அவர்கள் காதலிக்கக் கூடாதா? தொல்காப்பியம் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியவர்கள். ஏவல் செய்கிறவனுக்குக் காதலிக்க நேரமும் மனமும் ஏது என்ற மாதிரி உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அதனால்தான் மருதக்கலியில் ஒரு கூனியும் ஒரு குறளனும் காதல் பேசும்போது அது ஊடலாக இல்லாமல் நையாண்டியாக எழுதப்பட்டிருக்கிறது. பள்ளின் சிரிப்புக்கு மூதாதை அங்கே இருக்கிறது. தலைவன் பரத்தை வீட்டுக்குப் போனால் திணை ஒழுக்கம். குடும்பன் சொந்தப் பெண்டாட்டி வீட்டுக்குப் போனால் தொழு.

சொந்தப் பெண்டாட்டி என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவன் யார் வீட்டுப் பெண்ணையும் இழுக்கவில்லை. மூத்தவளுக்குத் துரோகம் செய்தான், அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. எங்கள் ஆண்கள் ரெண்டு குடும்பம் வைத்துக்கொண்டு ரெண்டையும் பட்டினி போட்டதை நான் பார்த்தே வளர்ந்திருக்கிறேன். மூத்தவள் வாயில் வருகிற ஏச்சுதான் இந்த நூலிலேயே உயிருள்ள தமிழ் என்பேன். பண்ணைக்காரன் தோற்றத்தையும் நூல் கேலி செய்யாமல் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் எழுதினவனின் கேலி பண்ணைக்காரனோடு நின்றுவிடுகிறது. நிலம் யாருடையதோ அவன் பக்கம் திரும்பவே இல்லை. அளக்கிற நெல் போகிற இடத்தில் கேலி ஏறாது.

தொழுமரத்தை வெறும் இலக்கிய உத்தி என்று நினைக்கிற மாணவர்களுக்கு ஒரு சட்டத்தை ஞாபகப்படுத்துகிறேன். சென்னை மாகாணத்தில் 1816இல் கொண்டுவந்த 11ஆம் ஒழுங்குவிதி, கிராமத் தலைவர்களுக்குச் சில்லறைக் குற்றங்களை விசாரிக்க அதிகாரம் கொடுத்தது. மற்ற சாதிக்காரன் என்றால் அடைத்து வைக்கலாம். கீழ்ச்சாதிக்காரன் என்றால் 6 மணி நேரம்வரை தொழுவில் மாட்டலாம். இப்படிப்பட்ட இழிவான தண்டனை யாருக்குப் பொருந்துமோ அவர்களுக்கு என்று சாதியைச் சுட்டியே எழுதினார்கள். முக்கூடற்பள்ளு எழுதப்பட்டு ஒரு நூறு வருசத்துக்கு மேல் ஆனபிறகு வெள்ளைக்காரன் அதே மரத்தைச் சட்டப் புத்தகத்துக்குள் தூக்கி வைத்தான். கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் நிற்பதற்குச் செங்கொடிச் சங்கம் கட்டி 1944 மன்னார்குடி ஒப்பந்தம்வரை போக வேண்டியிருந்தது. வகுப்பில் நான் எழுந்து நின்று படித்தபோது சிரித்தவர்கள் யாருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது.

மைனருக்குத் தண்டனையே இல்லையா என்று கேட்கலாம். கலையில் உண்டு. 1944இல் வந்து மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸில் பாகவதர் தாசி மோகத்தில் திரிந்து கால்களை இழந்து, பெற்றோரே தெய்வம் என்று தெளிகிறார். 1954 ரத்தக்கண்ணீரில் எம்.ஆர். ராதாவின் மோகன் தொழுநோய் பிடித்துத் தெருவில் கிடக்கிறான். ராதாவின் குரலுக்கும் நக்கலுக்கும் நான் அடிமை. ஆனாலும் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்துகிறது. ஹோகார்த்தின் ஆளுக்குப் பைத்தியம், பாகவதருக்குக் கால், ராதாவுக்கு நோய். பணக்காரனைத் தண்டிக்க கடவுளோ கிருமியோதான் வர வேண்டியிருக்கிறது. அவனால் கெட்டுப்போனவள் கூட்டத்தில் நின்று கேள்வி கேட்டு அவன் தலைகுனிந்ததாக ஒரு படம் எடுக்க மனம் வரவில்லை. மோகன் அழிந்ததற்குக் காந்தா காரணம் என்று திட்டுகிற வாய்தான் தியேட்டரில் அதிகம். நோயாளிகளையே பாவத்தின் அடையாளமாகக் காட்டியது தனிக் கொடுமை, அதற்கு வேறு கட்டுரை வேண்டும்.

எங்கள் ஆள் மேலே கை நீட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் கதை இருக்கிறது. ஆரியமாலாவை விரும்பிய காத்தவராயனுக்குக் கழுமரம். பொம்மியைக் கூட்டிப்போய், மதுரையில் வெள்ளையம்மாளோடு பிடிபட்ட வீரனுக்கு மாறுகால் மாறுகை. வெட்டிவிட்டுச் சாமியாக்கிக் கும்பிடுவார்கள். அதுவும் பிறப்பை மாற்றி, உண்மையில் அவன் உயர்ந்த குலத்தில் பிறந்து சேரியில் வளர்ந்தவன் என்று ஒரு ஒட்டுப் போட்டு. 1956இல் மதுரைவீரனாக எம்.ஜி.ஆர். வந்தபோதும் ராசா வீட்டுப் பிள்ளையாகவே பிறந்தார்.

கழுவும் தொழுவும் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்பவர்களிடம் பாமாவின் சங்கதியைக் கொடுக்கிறேன். 1994இல் வந்த புத்தகம். கருக்கு எழுதிய கை, எங்கள் வத்திராயிருப்புப் பக்கத்துக் கை. அதில் மாரியம்மா என்று ஒரு பெண். விறகு பொறுக்கப் போன வெயிலில் தண்ணீர் குடிக்க ஒரு பம்ப்செட்டுக்குள் போகிறாள். நிலத்துக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். உதறிவிட்டு ஓடி வந்துவிடுகிறாள். தன் பேர் கெட்டுவிடும் என்று பயந்த அவன் முந்திக்கொண்டு சேரி நாட்டாமையிடம் போய், மாரியம்மாவும் மாணிக்கமும் தன் தோட்டத்தில் தப்பாக நடந்துகொண்டார்கள் என்று பிராது கொடுக்கிறான். ஊர் கூடுகிறது. உண்மை என்ன என்று பெண்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அதட்டி அடக்குகிறார்கள். அவளுக்கு 200 ரூபாய் அபராதம், மாணிக்கத்துக்கு 100. கடைசியில் அவனுக்கே அவளைக் கட்டிவைத்து, அந்த வாழ்க்கையும் அடியும் உதையுமாகப் போகிறது.

நான் இதைப் பள்ளோடு பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன். மைனர் செய்ததை அப்படியே எடுத்துக் குடும்பன் தலையில் கட்டுகிற வேலை முக்கூடற்பள்ளில் மூடுமந்திரமாக நடக்கிறது. சங்கதியில் அது பட்டப்பகலில், பெயரோடு, அபராதத் தொகையோடு நடக்கிறது. ஒரே வித்தியாசம், பண்ணைக்காரன் வேலையை இங்கே நம் நாட்டாமையே செய்துவிடுகிறார். தொழுமரம் நம்ம ஊர்ச் சாவடிக்கே வந்துவிட்டது. பாமா எழுதியபோது சொந்தச் சாதியைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக அவர்மேல் வந்த கோபத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவியை 1992இல் கூட்டாகச் சிதைத்தார்கள். அவர் குயவர் சாதி. 1995இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தபோது, மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற பாணியில் காரணம் சொன்னது. தீட்டு இப்படியும் ஒரு வேலை செய்யும். தண்ணீர் குடிக்கப் போனால் தீட்டு. பம்ப்செட்டுக்குள் இழுத்தால், தீட்டு இருக்கிறதே, எப்படி இழுத்திருப்பார் என்று அதுவே சாட்சி.

பெரியம்மா களத்தை விட்டுப் பட்டாசுக்குப் போனது எப்படி என்று நான் கேட்டதே இல்லை. மழை இல்லை, வேலை இல்லை, வண்டி வந்தது, போனார்கள் என்றுதான் எல்லாரையும் போல எழுதி வந்திருக்கிறேன். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்ற இரண்டு பேர் 1923இல் சிவகாசிக்குத் திரும்பியது, வறண்ட காற்று மருந்து காய்வதற்குத் தோதாக இருந்தது, கரிசலில் வெள்ளாண்மை பொய்த்தது, இதெல்லாம் சரியான காரணங்கள்தான். மேடையிலும் பேசியிருக்கிறேன். தொழு பற்றிப் பேசின அன்றைக்கு அது தானாகச் சொன்னது:

"நாங்க கொத்துக்குக் கதிரடிச்ச களத்துல சின்ன மொதலாளின்னு ஒருத்தரு. மைனருன்னுதான் எல்லாரும் சொல்லுவோம். நல்லா செகப்பா, சங்கிலி போட்டுக்கிட்டு வருவாரு. ராத்திரி பொலி காவலுன்னு வந்து களத்துல கட்டிலப் போட்டுப் படுத்துக்கிருவாரு. பொம்பளயாளுக ஒத்தையா நிக்க மாட்டோம். ஒரு நா நிலா வெளிச்சம். வேல முடிய நேரமாயிருச்சு. மத்தவளுக தண்ணி குடிக்கப் போய்ட்டாளுக. நான் சண்டு இழுத்துக்கிட்டு நிக்கேன். பின்னால வந்து சேலயத் தொட்டாரு. திரும்பிப் பாத்தேன். கைல வாரி இருந்துச்சு. ஓங்கல, அடிக்கல. சும்மா பல்லு அவரு பக்கமாத் திருப்பிப் பிடிச்சேன். அவ்வளவுதான். ஒன்னும் சொல்லாம போய்ட்டாரு."

"அப்புறம்?"

"மறுநா கணக்குப்பிள்ள வந்து, நீ நாளையிலருந்து களத்துக்கு வர வேண்டாம்னான். எனக்கு மட்டும் இல்ல, ஒங்கப்பாவுக்கும் சேத்து. ஒங்க பெரியப்பா என்னத்தான் அடிச்சாரு, மொதலாளிய மொறச்சுக்கிட்டயான்னு. அந்த வாரமே தீப்பெட்டி வண்டில ஏறிட்டேன்."

எங்கப்பா அந்த வருசம் திருப்பூருக்குப் போனார் என்பது எனக்குத் தெரியும். ஏன் போனார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கம்பெனியில் என்ன நிலைமை என்று கேட்டேன். தீப்பெட்டியில் கட்டை அடுக்கி, பிறகு பட்டாசில் சரம் பின்னி முப்பது வருசம். "அங்க கூட்டமா இருப்போம், அது ஒரு தைரியம். ஆனா போர்மேன் கையிலதான நம்ம கணக்கு. முன்பணம் வாங்கியிருந்தா அவன் பேச்சக் கேட்டுத்தான் ஆகணும். எந்தக் குருசு எண்ணத்துல சேரும், எது கழிவுன்னு அவன்தான் சொல்லணும். சின்னப் பிள்ளைகள முன்னால கூப்பிட்டு உக்கார வப்பான்." வேலை இடத்தில் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. பன்வாரி தேவி வழக்கிலிருந்து பிறந்த 1997 விசாகா தீர்ப்பின் பிள்ளைதான் அந்தச் சட்டம். அப்படி ஒரு குழு என்று சொன்னதும் பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் செத்தபோது பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். வெடிக்காத நாளில் யாரும் வருவதில்லை. ஆலைக்குள் நடக்கிற மற்றதெல்லாம் வெடிக்காத நாளில்தான் நடக்கிறது.

ஒன்று மட்டும் பெரியம்மா கூடுதலாகச் சொன்னது. "மருந்து ரூம்புக்குள்ள இரும்புச் சாமான் எதுவும் ஆகாது. ஒரசுனா தீப்பொறி. எல்லாம் மரக்கட்டதான். அதுலயும் பல்லு கெடையாது."

மழை விட்டபாடில்லை. அறுப்பு, நெல்லளப்பு எல்லாம் படித்துக் கடைசி ஏசலுக்கு மறுபடி வந்தேன். பெரியம்மா நடுவில் நிறுத்தி, "அவன் பேரு அழகக் குடும்பன். சரி. இந்தப் பொம்பளைக ரெண்டு பேருக்கும் என்ன பேரு?" என்று கேட்டது.

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். முக்கூடற்பள்ளி, மருதூர்ப்பள்ளி. ஊர்ப்பேரும் சாதிப்பேரும்தான் இருக்கிறது. மூத்தவள், இளையவள் என்று இருக்கிறது. பேர் இல்லை.

"பேரு போடல பெரியம்மா."

"எழுதுனவனுக்குக் கேக்கத் தோணல போல. சரி, மேல படி."